பெரியப்பாவின் பழைய ஹார்ட் டிஸ்க்கை விற்கலாமா?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்: கணக்குத் தணிக்கையாளராக இருந்த இவருடைய பெரியப்பா சென்ற ஆண்டு காலமானார். அவருடைய அலுவலக அறையை ஒழித்தபோது தட்டையான, கனமான ஒரு பெட்டி கிடைத்திருக்கிறது. பழைய மேக்கின்டாஷ் கணினிக்கு அடியில் வைக்கும் ஆப்பிள் ஹார்ட் டிஸ்க் அது. அடியில் உள்ள லேபிளில் எம்0135 என்ற மாடல் எண் இருக்கிறது. கணினி எப்போதோ போய்விட்டது. இது ஸ்கஸி (டிரைவ்களைக் கணினியோடு இணைக்கும் ஒரு முறை) டிரைவ் என்று நினைத்து ஒரு கேபிள் வாங்கியிருக்கிறார், அது பொருந்தவில்லை. ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். விசிறி சுற்றியது, உள்ளே கீச்சென்று சத்தம் வந்தது, பயந்துபோய் அரை நிமிடத்தில் அணைத்துவிட்டார். இதற்கிடையே ஒரு சேகரிப்பாளர், “சோதிக்கவில்லை என்று போட்டு அப்படியே அனுப்பிவிடுங்கள், விற்பனைத் தளம் வேண்டாம், பணத்தை நேரடியாகத் தருகிறேன்” என்கிறார். நண்பர் ஒருவரோ, கனெக்டரை மாற்றி, பெராக்சைடு போட்டு மஞ்சள் நிறத்தைப் போக்கினால் விலை இரண்டு மடங்காகும் என்கிறார். உள்ளே பெரியப்பாவின் வாடிக்கையாளர் கணக்குகள் இருக்கலாம் என்ற உறுத்தல் வாசகருக்கு இருக்கிறது. பெரியம்மா “எடுத்துக்கொண்டு போப்பா” என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய மகள் வெளிநாட்டில் இருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள். நீங்கள் கேட்டிருப்பவற்றில் மிக முக்கியமானது அதுதான். விலை அதற்கு அடுத்தது. உடனே கடைப்பிடிக்க வேண்டியது ஒன்று: அந்தப் பெட்டிக்கு இனி மின்சாரம் கொடுக்காதீர்கள். யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். இத்தனை வருடம் சும்மா இருந்த டிரைவ் இன்னும் ஒரு மாதம் சும்மா இருப்பதால் எதுவும் கெட்டுவிடாது.

உங்களிடம் இருப்பது எது?

அது ஸ்கஸி டிரைவ் இல்லை. ஆப்பிள் 1985 செப்டம்பரில் வெளியிட்ட ‘ஹார்ட் டிஸ்க் 20’ அது. கொள்ளளவு 20 எம்பி, அன்றைய விலை 1,495 டாலர். அப்போதைய மேக்கின்டாஷில் ஸ்கஸி போர்ட்டே கிடையாது. 1986 ஜனவரியில் வந்த மேக்கின்டாஷ் பிளஸ்ஸில்தான் அது முதலில் வந்தது. அதனால் இந்த டிரைவை வெளிப்புற ஃபிளாப்பி டிரைவ் செருகும் 19 ஊசி போர்ட்டில் இணைக்கும்படி செய்தார்கள். நீங்கள் வாங்கிய கேபிளின் ஒரு முனையில் 25 ஊசி, மறுமுனையில் 50 ஊசி. அது அடுத்து வந்த ‘20எஸ்சி’ என்ற மாடலுக்கு உரியது. பெயர் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் விற்பவர்களும் வாங்குபவர்களும் இரண்டையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

ஆகவே கனெக்டரை மாற்றும் யோசனையைக் கைவிடுங்கள். இரண்டும் பேசும் மின்மொழியே வேறு. 19 ஊசி முனையை வெட்டி 25 ஊசி முனையைப் பொருத்தினால் டிரைவ் வேலை செய்யாது, அதன் அசல்தன்மையும் போய்விடும். அந்த 19 ஊசி பிளக் இன்று எளிதில் கிடைக்காத பொருள். டிரைவ் செத்திருந்தாலும் அந்தக் கேபிளுக்கென்றே ஒரு விலை உண்டு.

இது எந்தக் கணினியில் ஓடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், விளம்பரத்தில் எழுத வேண்டிவரும். முதலில் வந்த 128கே மாடலில் ஓடாது. 512கே மாடலில் ஓடும்; ஆனால் ‘ஹார்ட் டிஸ்க் 20’ என்ற கோப்பு அடங்கிய தொடக்க ஃபிளாப்பி வேண்டும். 512கேஇ, பிளஸ் ஆகியவற்றின் மாற்ற முடியாத ரோம் சில்லில் அதற்கான நிரல் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதால் ஃபிளாப்பி இல்லாமலே இதிலிருந்து நேரடியாகத் தொடங்கும். அந்தத் தொடக்க ஃபிளாப்பியை அறையில் இன்னொரு முறை தேடிப் பாருங்கள். லேபிள் உள்ள அசல் ஃபிளாப்பி, கையேடு, வந்த அட்டைப்பெட்டி, அதிலுள்ள வார்ப்பு நுரை இவையெல்லாம் சேர்ந்தால், டிரைவ் ஓடுகிறதா இல்லையா என்பதற்கு நிகராக விலையை உயர்த்தும்.

கீச்சென்ற சத்தம்

அது டிரைவ் செத்துப்போனதன் அடையாளம் என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தக் காலத்து டிரைவ்கள் பலவற்றில், சுழல்தண்டின் முனையில் நிலைமின்சாரத்தைக் கடத்துவதற்காக ஒரு மெல்லிய உலோகப் பட்டை உரசிக்கொண்டிருக்கும். அது தேய்ந்தால் இப்படித்தான் கிறீச்சிடும். தாங்கியில் போட்ட கிரீஸ் இறுகினாலும் சத்தம் வரும். தகவல் பதிவாகும் தட்டு சுற்றிய பிறகு சீரான இடைவெளியில் டக், டக் என்று வந்தால் அது வேறு கதை: தட்டைப் படிக்கும் முனையான ஹெட் தன் தொடக்கத் தடத்தைத் தேடிக் கிடைக்காமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. விசிறிச் சத்தம் மட்டும் கேட்டு, தட்டு சுழலவே இல்லையென்றால் ஹெட் தட்டோடு ஒட்டியிருக்கக்கூடும். இந்த வகை டிரைவ்களில் மின்சாரம் இல்லாதபோது ஹெட் தட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். வழவழப்பான இரண்டு பரப்புகள் பல வருடம் அசையாமல் அழுந்திக் கிடந்தால் பிடித்துக்கொள்ளும்.

இதற்குப் பலர் சொல்லும் வைத்தியங்கள் ஆபத்தானவை. சுத்தியலால் தட்டுவது, ஃப்ரீசரில் வைப்பது, மூடியைத் திறந்து கையால் சுழற்றுவது எதுவும் வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும். ஓடும்போது ஹெட்டுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு மைக்ரானுக்கும் குறைவு. சாதாரணத் தூசுத் துகள் அதைவிடப் பெரியது. சீல் வைத்த அந்த அறையை வீட்டு மேசையில் ஒருமுறை திறந்தால் போதும், டிரைவ் அத்துடன் முடிந்தது.

உங்கள் பெட்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது டிரைவை அல்ல, பவர் சப்ளையை. இந்த வயதுப் பவர் சப்ளைகளில் மின்சாரம் நுழையும் இடத்தில் காகிதமும் உலோகப் படலமும் சுற்றிய வடிகட்டி மின்தேக்கிகள் இருப்பது வழக்கம். வெளியுறையில் மெல்லிய வெடிப்பு விழுந்து, காற்றின் ஈரம் உள்ளே புகுந்திருக்கும். மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் வெடித்து அடர்த்தியான, நாற்றமடிக்கும் புகையைக் கக்கும். பக்கத்திலுள்ள எலக்ட்ரோலிடிக் மின்தேக்கிகளோ கசிந்து வோல்ட்டேஜை நிலைகுலைக்கும். அரை நிமிடத்தில் நீங்கள் அணைத்தது நல்லதாகப் போயிற்று.

ஓடவைத்துப் பார்க்க விரும்பினால் பழைய மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுங்கள். பவர் சப்ளைக்குள் உள்ள பெரிய மின்தேக்கிகள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். அவரிடம் கேட்க வேண்டிய வேலை இந்த வரிசையில் இருக்கட்டும். முதலில் பின்புற லேபிளில் எழுதியுள்ள வோல்ட்டேஜ் உங்கள் இடத்து மின்சாரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். 120 வோல்ட் பெட்டியை 230 வோல்ட்டில் செருகினால் பேசுவதற்கு எதுவும் மிஞ்சாது. அடுத்து, டிரைவைப் பவர் சப்ளையிலிருந்து கழற்றிவிட்டு வெடித்த, கசிந்த மின்தேக்கிகளை மாற்ற வேண்டும். பிறகு டிரைவுக்குப் பதிலாக ஒரு மின்தடையையோ பல்பையோ சுமையாக வைத்து மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். சுமை இல்லாமல் அளந்தால் இந்த வகைப் பவர் சப்ளை தவறான அளவைக் காட்டலாம். 5 வோல்ட் வழியில் 4.75 முதல் 5.25 வரை, 12 வோல்ட் வழியில் 11.4 முதல் 12.6 வரை நிலையாக நின்றால் மட்டுமே டிரைவை இணைக்கலாம். கழற்றிய பழைய மின்தேக்கிகளை ஒரு சிறு பையில் போட்டு டிரைவுடனேயே வையுங்கள். என்ன மாற்றினோம் என்பதற்கு அதுவே சான்று, சேகரிப்பாளர்கள் அதை மதிப்பார்கள்.

உள்ளே இருக்கும் டிரைவ் ரோடைம் நிறுவனத்துடையது. 1983இல் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கை முதலில் கொண்டுவந்த ஸ்காட்லாந்து நிறுவனம் அது. ஆனால் இந்தப் பெட்டிக்குள் இருப்பது ஆப்பிளுக்கென்றே தனி இணைப்புடன் செய்யப்பட்டது. டிரைவ் செத்திருந்தால் கடையில் கிடைக்கும் வேறொன்றை வாங்கிப் பொருத்த முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

தகவல் யாருடையது?

பெட்டி உங்கள் குடும்பத்தினுடையது. அதில் உள்ள வாடிக்கையாளர் கணக்குகள் உங்கள் குடும்பத்தினுடையவை அல்ல. தணிக்கையாளர் காத்த ரகசியம் அவர் காலமானதோடு காலாவதியாகிவிடாது என்பதே தொழில்நெறி. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பெரியப்பாவின் நிறுவனம் வேறொருவர் பொறுப்பில் தொடர்ந்தால், இப்படி ஒரு டிரைவ் கிடைத்திருக்கிறது என்று எழுத்தில் அவர்களுக்குத் தெரிவித்து, என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். “நாற்பது வருடக் கணக்கை யார் தேடப்போகிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு பழையதுதான், ஆனால் அதிலுள்ள பெயரும் முகவரியும் குடும்பச் சொத்து விவரமும் இன்றைக்கும் உயிரோடு இருப்பவர்களுடையதாக இருக்கலாம்.

டிரைவ் ஓடினால் வழி இருக்கிறது. மேக்கின்டாஷ் பிளஸ் ஒன்றை இரவல் வாங்குங்கள், அல்லது அது வைத்திருக்கும் ஒருவரிடம் நீங்களே நேரில் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் டிரைவை ஃபிளாப்பி போர்ட்டிலும், மெமரி கார்டையே ஹார்ட் டிஸ்க் போலக் காட்டும் புளூஸ்கஸி போன்ற சாதனத்தை ஸ்கஸி போர்ட்டிலும் இணைக்கலாம். எல்லாம் அணைந்திருக்கும்போதுதான் கேபிளைச் செருக வேண்டும். பிளஸ் தன் ஸ்கஸி போர்ட்டின் வழியே மின்சாரம் தராது, அதனால் புளூஸ்கஸிக்கு யுஎஸ்பி வழியே தனியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் சாதனம் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. முதலில் டிரைவைப் போட்டு அது முழு வேகத்துக்கு வந்த பிறகு கணினியைப் போடுங்கள். ஐகான் திரையில் வந்ததும், எதையும் திறந்து பார்ப்பதற்கு முன், எல்லாவற்றையும் கார்டுக்கு நகலெடுங்கள். பழைய டிரைவ் ஒருமுறை ஓடியது என்பதற்காக மறுமுறையும் ஓடும் என்று எண்ணாதீர்கள்.

நகலில் பெரியப்பாவின் சொந்தக் கடிதங்கள் இருந்தால் அவை பெரியம்மாவுக்கும் அவருடைய மகளுக்கும் போய்ச் சேர வேண்டியவை. அந்தக் கால மேக்கின்டாஷின் எழுதும் மென்பொருளான மேக்ரைட்டில் எழுதியவையாக இருந்தால் இன்றைய கணினியில் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளிலேயே திறக்கலாம். இந்தப் பெட்டியிலிருந்து உங்கள் குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பொருள் அதுவாகவே இருக்கலாம். விற்கும் அவசரத்தில் அதை இழந்துவிடாதீர்கள்.

அதன்பின் அழிப்பது. கோப்புகளைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துக் காலி செய்தால் அட்டவணையில் உள்ள பெயர்தான் போகும், உள்ளடக்கம் தட்டில் அப்படியே கிடக்கும். தனிப்பட்ட கோப்புகளை நீக்கிவிட்டு, பயனற்ற பெரிய கோப்பு ஒன்றை ‘இடமில்லை’ என்ற செய்தி வரும்வரை திரும்பத் திரும்ப நகலெடுத்து நிரப்புங்கள். பிறகு அவற்றை நீக்குங்கள். 20 எம்பி என்பதால் இது பெரிய வேலை இல்லை. சிஸ்டம் கோப்புறையை விட்டுவையுங்கள். சொந்தமாகத் தொடங்கும் டிரைவையே வாங்குபவர்கள் விரும்புவார்கள். “உள்ளே இருப்பது எதுவானாலும் அழிக்காமல் கொடுங்கள், கூடுதல் பணம் தருகிறேன்” என்று கேட்பவர்களும் வருவார்கள். பெரும்பாலோர் பழைய மென்பொருளைக் காப்பாற்றும் ஆர்வத்தில்தான் கேட்கிறார்கள். ஆனாலும் உங்கள் பதில் ‘முடியாது’ என்பதாகவே இருக்கட்டும்.

டிரைவ் ஓடவே இல்லையென்றால் அழிக்கவும் முடியாது. உங்களால் படிக்க முடியாததை வாங்கியவர் பழுதுபார்த்துப் படித்துவிடலாம். அப்போது உங்கள் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, தகவல் மீட்பு நிபுணரிடம் கொடுத்து முயல்வது. செலவு டிரைவின் விலையைத் தாண்டிவிடக்கூடும். இரண்டாவது, உள்ளிருக்கும் ரோடைம் டிரைவைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டி, பவர் சப்ளை, சர்க்யூட் போர்டு, கேபிள் ஆகியவற்றை மட்டும் ‘டிரைவ் இல்லை’ என்று தெளிவாகச் சொல்லி விற்பது. விலை கணிசமாகக் குறையும். தணிக்கையாளரின் டிரைவ் என்பதால் நான் இரண்டாவது வழியையே சொல்வேன்.

விலை, விளம்பரம், வாங்குபவர்

1,495 டாலரை மறந்துவிடுங்கள், அது இன்றைய விலைக்கு அளவுகோல் ஆகாது. உள்ளே தங்கம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், முனைகளில் மெல்லிய பூச்சாக இருப்பது எடுக்கும் கூலிக்கே காணாது. இந்த டிரைவின் வேலையை இன்று ஃபிளாப்பி ஈமு என்ற சிறு சாதனம் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. எனவே சேமிப்பிடம் தேவைப்பட்டு யாரும் இதை வாங்கப்போவதில்லை. மேக்கின்டாஷின் அடியில் கச்சிதமாகப் பொருந்தும் அந்த வடிவமும், அசல் நிலையும், தொடங்கும்போது எழும் அந்தச் சத்தமும்தான் அவர்களுக்கு வேண்டும். விலை வைக்க, விற்பனைத் தளங்களில் கேட்கப்படும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவற்றைத் தேடி, ஓடுபவை, ஓடாதவை என்று பிரித்து, அண்மையில் விற்ற சிலவற்றின் நடுவிலையை எடுங்கள். ‘20எஸ்சி’ விற்பனைகளை அதில் சேர்த்துவிடாதீர்கள்.

மஞ்சள் நிறத்தைப் போக்கவும் வேண்டாம். பெராக்சைடும் வெளிச்சமும் சேர்ந்து வெளுக்கச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் பூச்சு சீராக இல்லாவிட்டால் வரிவரியாகத் திட்டு விழும், அதை மீட்க வழியில்லை. சில வருடங்களில் மஞ்சள் திரும்பவும் வரும். வாங்குபவர் விரும்பினால் அவரே செய்துகொள்ளட்டும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்த வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து, இறுகப் பிழிந்து துடையுங்கள். லேபிள் மேல் ஈரம் படக்கூடாது. நெயில் பாலிஷ் நீக்கி பட்டால் அந்த பிளாஸ்டிக் கரைந்துவிடும்.

அடுத்து அந்தச் சேகரிப்பாளர். ‘சோதிக்கவில்லை’ என்று நீங்கள் எழுத முடியாது. அரை நிமிடம் சோதித்துவிட்டீர்கள். ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். தெரிந்த குறையை மறைத்தால் அல்லது விவரம் பொய்யாக இருந்தால் பல இடங்களில் அது செல்லாது. நடந்ததை அப்படியே எழுதுங்கள்: “மின்சாரம் கொடுத்தேன், விசிறி சுற்றியது, கீச்சென்ற சத்தம் வந்தது, அரை நிமிடத்தில் அணைத்தேன், கணினியில் இணைத்துப் பார்க்கவில்லை.” விவரம் தெரிந்த வாங்குபவர் இந்த வரியைப் பார்த்ததும் உங்களை நம்புவார்.

விற்பனைத் தளத்துக்கு வெளியே வரச் சொல்கிறார் என்பதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை, கட்டணம் மிச்சமாகும் என்று நினைக்கலாம். ஆனால் வெளியே போனால் தளத்தின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. கேட்டதைவிட அதிகமாகப் பணம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்புங்கள் என்று யாராவது சொன்னால் அத்துடன் பேச்சை நிறுத்துங்கள். அவர் அனுப்பியதாகச் சொல்லும் தொகை பின்னர் ரத்தாகிவிடும்.

எதற்கும் முன்னால், பெரியம்மாவிடமும் அவருடைய மகளிடமும் “இந்த ஹார்ட் டிஸ்க்கை விற்கிறேன், சம்மதமா” என்று ஒரு செய்தி அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது என்பதல்ல. பழைய பெட்டிக்கு இவ்வளவு விலையா என்று பின்னால் தெரியவரும்போதுதான் குடும்பங்களில் மனக்கசப்பு வருகிறது. பணம் யாருக்கு எவ்வளவு என்பதையும் அதே செய்தியில் பேசிவிடுங்கள்.

அனுப்பும் முறை

சீரியல் எண், பின்புற இணைப்புகள், அடிப்பகுதி, ஒவ்வொரு கீறல் எல்லாவற்றையும் படமெடுங்கள். வேறொரு செத்த டிரைவைத் திருப்பி அனுப்பி ஏமாற்றுவது இந்தச் சந்தையில் நடக்கிறது. சீரியல் எண்ணின் படம்தான் அதற்குப் பதில். கேபிள் முனையைத் தனியாகச் சுற்றிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பயணத்தில் அது பெட்டியைக் கீறும். டிரைவை பிளாஸ்டிக் பையில் போட்டு, குமிழ்த்தாளில் சுற்றி உள்பெட்டியில் அசையாமல் வையுங்கள். அந்தப் பெட்டியை அதைவிடப் பெரிய, இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டியில் வைத்து ஆறு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. தடித்த நுரை கொடுங்கள். கடலை வடிவ நிரப்பிகள் வேண்டாம்; கனமான பொருள் அவற்றை ஒதுக்கிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும், பிறகு ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராக ஹெட்டில் இறங்கும். ஆப்பிளின் அசல் அட்டைப்பெட்டி கிடைத்தால் அதையே வெளிப்பெட்டியாக்கி முகவரி ஒட்டிவிடாதீர்கள், அதுவும் விற்பனைப் பொருள்தான். விற்ற தொகைக்குக் காப்பீடு எடுங்கள். வெளிநாட்டுக்கு என்றால் சுங்கப் படிவத்தில் உண்மையான விலையையே எழுதுங்கள். குறைத்து எழுதினால் பொருள் தொலையும்போது காப்பீட்டுத் தொகையும் அந்த அளவுக்குத்தான் கிடைக்கும்.

இதையெல்லாம் பெட்டியை மூடும் வரை காணொளியாக எடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடியும் வரை அழிக்காமல் வைத்திருங்கள்.